மின்னணுத் தராசும் நிலைமின் பொறியும்: வணிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி



மாசி பிறந்து சித்திரை கழியும்வரை நமது சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வட்டாரத்தில் மின்னணுத் தராசு வைத்திருக்கும் கடைக்காரர்களிடமிருந்து ஒரே விதமான புகார் வந்துகொண்டே இருக்கிறது. தட்டில் ஒன்றும் இல்லாதபோதே எண் ஓடுகிறது. பருப்பைக் கொட்டி நிறுத்த பிறகு எண் நிலைகொள்ளாமல் தாவுகிறது. சில வேளைகளில் எண் அப்படியே உறைந்துபோய், தராசை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் வழிக்கு வருகிறது. இதே தராசு ஐப்பசி மழையில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. விற்றவரிடம் போய்ச் சொன்னால், "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார். மாற்றினால் அடுத்த பங்குனியில் மறுபடியும் அதே கதை.

எல்லாப் பழியையும் ஒரே காரணத்தின் மீது போடுவது சரியல்ல. மின்விசிறிக் காற்று தட்டில் பட்டாலும் எண் ஓடும். அடாப்டர் கெட்டிருந்தாலும், பேட்டரி தளர்ந்திருந்தாலும் ஓடும். எறும்பும் கரப்பானும் உள்ளே குடியேறியிருந்தால் சொல்லவே வேண்டாம். மளிகைக் கடைத் தராசுக்குள் அவை குடியேறாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் இவற்றையெல்லாம் பார்த்துச் சரிசெய்த பிறகும், வெயில் காலத்தில் மட்டும், அதிலும் ஆள் கைபட்ட நொடியில் மட்டும் எண் தாவுமானால், நாம் சந்தேகப்பட வேண்டியது நிலைமின்சாரத்தை.

வறண்ட நாளில் பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் வருகிறதே, அதுதான் நிலைமின்சாரம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்பு ஷட்டரைத் தொடும்போது விரல் நுனியில் சுரீர் என்கிறதே, அதுவும் அதுவே. இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் போய்விடுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது மெல்லக் கசிந்து போய்விடும். ஈரம் இல்லாவிட்டால் தங்கி, எதையாவது தொடும்போது ஒரே தாவலாக இறங்கும். விரலுக்குச் சுரீர் என்று தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குக் குறைந்தால் நமக்கே தெரியாது. ஆனால் மின்னணுச் சில்லுகளில் 100 வோல்ட்டுக்கும் கீழேயே சேதமடையக் கூடியவை உண்டு. நம் கைக்குத் தெரியாத பொறி தராசின் உயிரை வாங்கிவிடும்.

நம் தகப்பனார் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. வீசையும் பலமும் போய், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் கிலோ கணக்கு வரத் தொடங்கியபோது, படிக்கல்லை மாற்றினார்களே தவிர தராசு அதே தராசுதான். இரும்புத் தராசுக்கு மின்பொறி எதுவும் செய்யாது. சரக்கும் கோணியில்தான் வந்தது. சணல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அதில் மின்னூட்டம் தங்குவதில்லை. பிறகு கோணி போய்ப் பிளாஸ்டிக் சாக்கு வந்தது. கைத்தராசு போய் மின்னணுத் தராசு வந்தது. காலில் ரப்பர் செருப்பு, உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி, பொட்டலம் போடப் பிளாஸ்டிக் சுருள் என்று, மின்னூட்டத்தை உண்டாக்கும் பொருள்களும் அதற்குத் தாங்காத கருவியும் ஒரே கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டன. 2019 சனவரியில் தமிழக அரசு கைப்பிடிப் பைகளுக்குத் தடை விதித்த பின்னும் மூட்டை என்னவோ பிளாஸ்டிக் சாக்காகவே இருக்கிறது.

தராசு எவ்வளவு நுட்பமானது என்பதையும் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் லோடு செல் என்பது ஓர் உலோகத் துண்டு. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழையின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறுகிறது. முழு எடை ஏற்றினாலும் அதிலிருந்து கிடைப்பது சுமார் 10 மில்லிவோல்ட், பெரும்பாலும் அதற்கும் குறைவு. 30 கிலோ தராசில் பத்துப் பத்து கிராமாக 3,000 பிரிவுகள். கணக்குப் போட்டால் ஒரு பிரிவுக்கு மூன்று மைக்ரோவோல்ட் சொச்சம், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு அதில் மூன்று பங்கு. இதை அளந்துகொண்டிருக்கும் கருவியின் மேல் பல ஆயிரம் வோல்ட் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கதி உலகத்துக்குத் தெரியாததல்ல. இதற்கென்று தரநிலைகள் எழுதி, திருத்தி, மறுபடி எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் ஓசூரில் மின்னணு ஆலையில் பணிபுரிகிறார். அவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வணிகர்களுக்கு வேண்டிய அளவில் இங்கே சொல்கிறோம்.

தரநிலைகள் இரண்டு கிளையாக வளர்ந்தன. ஒரு கிளை, மின்னணுப் பாகங்களைக் கையில் எடுத்து வேலை செய்யும் இடத்துக்கானது. அமெரிக்க ராணுவம் இதில் முன்னே நின்றது. 1980இல் அவர்கள் வெளியிட்ட 1686 என்ற எண்ணுள்ள தரநிலை, ராணுவத்துக்கு வேலை செய்யும் ஆலைகள் பாகங்களை எப்படிக் கையாள வேண்டும், எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று சொன்னது. மனித விரலிலிருந்து இறங்கும் பொறிக்கு 100 பிகோஃபாரட் மின்தேக்கியும் 1,500 ஓம் மின்தடையும் கொண்ட ஒரு மாதிரிச் சுற்றை வைத்துக்கொண்டார்கள். அதற்கு மனித உடல் மாதிரி என்று பெயர். சுரங்கங்களில் வெடிவாயு பற்றிக்கொள்வதை ஆராய்ந்தவர்களின் வேலையில் அதன் வேர் இருப்பதாகச் சொல்வர். பட்டாசுத் தொழிலிலும் ஆட்களின் உடம்பிலுள்ள மின்னூட்டத்தை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் மருந்தைத் தொடவிடுகிறார்கள் அல்லவா? அதே பயம்தான் இதுவும்.

அமெரிக்க ராணுவக் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. காற்றில் ஈரம் 65 முதல் 90 சதவீதம் வரை இருக்கும்போதும், 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போதும் எவ்வளவு வோல்ட் உண்டாகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். மேசை மேலிருக்கும் சாதாரணப் பாலிதீன் பையைக் கையில் எடுத்தால் ஈரக் காற்றில் 1,200 வோல்ட், வறண்ட காற்றில் 20,000 வோல்ட். வினைல் தரையில் நடந்தால் ஈரத்தில் 250, வறட்சியில் 12,000. பையில் காணும் வோல்ட் அத்தனையும் நம் உடம்பில் ஏறிவிடும் என்று அர்த்தமல்ல. ஆனாலும் மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளில் எத்தனை பாலிதீன் உறைகளை எடுத்துப் பிரிக்கிறோம் என்று மளிகைக் கடைக்காரர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது கிளை, செய்து முடித்த கருவியைப் பயன்படுத்தும் இடத்துக்கானது. நம் தராசு இதில்தான் வருகிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. 1984இல் 801-2 என்ற தரநிலையை வெளியிட்டது. அது எழுதப்பட்டதே தொழிற்சாலைகளில் அளக்கவும் கட்டுப்படுத்தவும் பயன்படும் கருவிகளுக்காகத்தான். துப்பாக்கி போன்ற ஒரு சாதனத்தில் மின்னூட்டம் ஏற்றி, அதைக் கருவியின் அருகே கொண்டுபோய்க் காற்றின் வழியே பொறி பாயவிட்டுப் பார்ப்பார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. துப்பாக்கியை வேகமாகக் கொண்டுபோனால் ஒரு பலன், மெதுவாகக் கொண்டுபோனால் வேறு பலன். அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தும் பலன் மாறியது. ஒரே கருவி ஓரிடத்தில் தேறும், இன்னோரிடத்தில் தேறாது. படிக்கல் ஊருக்கு ஊர் மாறினால் வியாபாரம் என்ன ஆகுமோ அதே கதிதான்.

1991இல் அதைத் திருத்தினார்கள். துப்பாக்கியின் முனையைக் கருவியின் உலோகப் பகுதியில் முதலில் அழுத்தி வைத்துவிட்டு, பிறகு உள்ளேயுள்ள சுவிட்சை மூடிப் பொறியை விடுவது என்று புதிய முறை வந்தது. இதைத் தொடு இறக்கம் என்று சொல்லலாம். உலோகம் இல்லாத பிளாஸ்டிக் பரப்புக்கு மட்டும் பழைய காற்று முறை நீடித்தது. முன்பு 150 ஓம் ஆக இருந்த மின்தடை, கையில் உலோகச் சாமான் பிடித்திருக்கும் மனிதனுக்குப் பொருந்தும்படி 330 ஓம் ஆனது. பொறி உச்சத்துக்கு ஏறும் நேரமும், உண்மையான பொறியை அளந்து பார்த்து, ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் என்று மாற்றப்பட்டது. 8,000 வோல்ட் தொடு இறக்கத்தில் அந்தக் கண நேரத்துக்கு 30 ஆம்பியர் பாயும். 1995இல் தரநிலைக்கு எண் மாறியது. இன்று 61000-4-2 என்ற எண்ணில் வழங்குகிறது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, துப்பாக்கியையே எப்படிச் சரிபார்ப்பது என்பதை இன்னும் இறுக்கியது. தராசுக்கு முத்திரை வைக்கும் படிக்கல்லுக்கே மேலே இன்னொரு படிக்கல் உண்டல்லவா, அதுபோல.

ஐரோப்பிய நாடுகள் 1996 சனவரி முதல் தேதியிலிருந்து, விற்பனைக்கு வரும் மின்னணுச் சாமான்கள் இப்படிப்பட்ட மின் இடையூறுகளைத் தாங்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் எல்லாச் சாமானுக்கும் அப்படிப் பொதுக் கட்டாயம் இல்லை. 2012ஆம் ஆண்டு ஆணையோடு தொடங்கிய ஏற்பாட்டின்படி அடாப்டர், பில் போடும் கருவி போன்றவற்றின் மேல் நாம் பார்க்கும் பி.ஐ.எஸ். பதிவு எண், ஆளுக்கு ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற பாதுகாப்புக்கானது. நிலைமின் பொறி விழுந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்யும் என்று அந்த எண் சொல்லவில்லை. விற்பனையாளர்கள் இந்த எண்ணைக் காட்டி "எல்லா டெஸ்ட்டும் ஆனது சார்" என்று சொல்லும்போது வணிகர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தராசின் நிலைமை அந்த மட்டில் பரவாயில்லை. அது சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குள் வருகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு தராசு மாதிரியைச் சந்தைக்கு விடுமுன் மத்திய அரசின் எடையளவு இயக்குநரிடம் மாதிரி ஒப்புதல் பெற வேண்டும். பெங்களூரில் உள்ள மண்டல மேற்கோள் தர ஆய்வகம் போன்ற இடங்களில் இதற்கான சோதனை நடக்கிறது. சோதனைக்கு அடிப்படை, பாரிசில் 1955இல் ஏற்பட்ட சட்டமுறை எடையளவைப் பன்னாட்டு அமைப்பின் ஆர்-76 என்ற பரிந்துரை. நம் நாடும் அதில் உறுப்பினர். நம் விதிகளும் அதை அடியொற்றியவை. அதில் நிலைமின் பொறிச் சோதனையும் ஒன்று. தொடு முறையில் 6,000 வோல்ட் வரை, காற்று முறையில் 8,000 வோல்ட் வரை, பத்து விநாடிக்குக் குறையாத இடைவெளி விட்டுக் குறைந்தது பத்து முறை பொறி விட வேண்டும். அப்போது தராசு காட்டும் எடை ஒரு பிரிவுக்கு மேல் மாறக்கூடாது. மாறினால், தவறு நேர்ந்துவிட்டது என்பதைத் தராசே கண்டுபிடித்து அறிவிக்கவோ எண்ணை மறைக்கவோ வேண்டும். தவறான எடையைச் சரியான எடை போலக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் குற்றம்.

இந்த விதியை நாம் பாராட்டுகிறோம். பொறி விழுந்து காட்டி அணைந்துபோனால் ஒரு நிமிட நேரம்தான் நஷ்டம். தவறான எண்ணைக் காட்டினால் கடையின் பெயரே போய்விடும். நம் வட்டாரத்தில் ஒரு கடையில் ஒரு அம்மாள் வாங்கிய துவரம் பருப்பு முதலில் 985 கிராம் என்றும், தட்டைத் தொட்டதும் ஒரு கிலோ 10 கிராம் என்றும் காட்டியது. "கை வைத்து ஏற்றுகிறாயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. அடுத்த மாதம் முத்திரை ஆய்வாளர் படிக்கல் வைத்துப் பார்த்தபோது தராசு மிகச் சரியாக இருந்தது. இருந்து என்ன செய்ய? தெருவுக்கு அந்தச் சான்றிதழ் தெரியுமா? ஜவ்வாது மலையிலிருந்து புளியைச் சுமந்து வரும் குடியானவர் முன் மண்டித் தராசு தாவினால், அவர் மனதில் என்ன ஓடும் என்பதை மண்டிக்காரர்கள் அறிவார்கள். இரும்புத் தராசாக இருந்தால் முள் நிற்பதை அவரே கண்ணால் பார்ப்பார். எண் தாவுவதற்கு அவரிடம் ஒரே விளக்கம்தான் உண்டு.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். ஐ.இ.சி. தரநிலை சோதனை அளவை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த நிலை பொருந்தும் என்று வழிகாட்டும் அட்டவணை பின்னிணைப்பில் உண்டு. செயற்கை இழைப் பொருள்கள் புழங்கும் இடத்தில் காற்றின் ஈரம் 50 சதவீதம் வரை இறங்கும் என்றால் மூன்றாம் நிலை, அதாவது காற்று முறையில் 8,000 வோல்ட் போதும். அதே இடத்தில் ஈரம் 10 சதவீதம் வரை இறங்கும் என்றால் நான்காம் நிலை, அதாவது 15,000 வோல்ட். தராசுக்கு ஆர்-76 எடுத்துக்கொண்டது மூன்றாம் நிலையை. 1992 பதிப்பிலும் அதுதான், 2006 பதிப்பிலும் அதுதான். சோதனை நடக்கும் அறையில் காற்றின் ஈரம் 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி.

பங்குனி, சித்திரை உச்சி வெயிலில் சிங்காரப்பேட்டைக் கடைத்தெருவில் ஈரம் 50 சதவீதமா இருக்கிறது? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வறட்சியைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் சாக்கு, காலில் ரப்பர் செருப்பு. பத்து சதவீதத்துக்கு இறங்காவிட்டாலும் ஐம்பதுக்கு வெகு கீழே இறங்குகிற இடம் இது. அட்டவணைப்படி இரண்டு நிலைக்கும் நடுவில் நிற்கிறோம். நடுவில் நிற்பவனுக்கு மேல் நிலையைக் கொடுப்பதே நியாயம். கடலோரக் கடைக்கும் நம் கடைக்கும் ஒரே சோதனை என்பது காகிதத்தில் சமத்துவமாகத் தெரியலாம், கல்லாவில் அப்படித் தெரியவில்லை. கடைத் தராசுகளுக்கு மாதிரி ஒப்புதல் தரும்போது நான்காம் நிலைச் சோதனையையும் சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

இதற்கு இரண்டு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம். தராசு விலை ஏறும் என்பார்கள். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் பொறியை மண்ணுக்குத் திருப்பிவிடும் பாதுகாப்புப் பாகங்களும் உலோக மறைப்பும் ஏற்கனவே மூன்றாம் நிலைக்காக உள்ளே வைத்திருக்க வேண்டியவையே. அவற்றை இன்னும் பலப்படுத்துவதற்கு ஆகும் செலவை, வருடா வருடம் போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உலகம் முழுவதற்கும் ஒரே பரிந்துரை, நாம் மட்டும் மாற்ற முடியாது என்பது இரண்டாவது மறுப்பு. 1984இல் ஒரு முறை, 1991இல் வேறு முறை என்று மாற்றியவர்கள் தேவை வந்தபோது மாற்றியவர்கள்தானே? உறுப்பு நாடான நாமே கேட்காவிட்டால் பாரிசில் இருப்பவர்களுக்கு ஊத்தங்கரை வெயில் எப்படித் தெரியும்?

பழுதுபார்க்கும் இடம் தனிக் கதை. மாதிரி ஒப்புதலின்போது ஆய்வகத்தில் தேறிய தராசு, நம் ஊரில் ஒருமுறை பிரிக்கப்பட்ட பிறகு அதே தராசுதானா? நமது மண்டித் தராசைப் பழுதுபார்க்க வந்த ஒருவர், போர்டைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் சாக்கின் மேல் வைத்தார். நைலான் தூரிகையால் பரபரவென்று தேய்த்தார். வெறுங்கையால் சில்லைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார். தராசு அன்றைக்கு வேலை செய்தது. நாற்பது நாளில் மறுபடி படுத்தது. "கரண்ட் ஏற்ற இறக்கம் அண்ணாச்சி" என்றார். நிலைமின்சாரத்தின் குணமே இதுதான். சில சில்லுகள் உடனே சாவதில்லை. காயம்பட்டு, சில நாள் ஓடி, பிறகு நிற்கின்றன. புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் நாம் இரண்டு முறை பணம் கொடுத்தோம். எந்த வேலையில் சில்லு காயம்பட்டது என்று யாரும் நிரூபிக்க முடியாது.

இதையே நம் மாவட்டத்தின் மறு கோடியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓசூரில் 1980களில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்த நாளிலிருந்து இன்று கைபேசிப் பாகம் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரை மின்னணுத் தொழில் நம் பக்கத்தில் வளர்ந்திருக்கிறது. 2021இல் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டது. மின்னணு ஆலைகளில் சில்லைத் தொடும் பெண்பிள்ளைகள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். பட்டையிலிருந்து ஒரு கம்பி எர்த்துக்குப் போகும். கம்பியின் நடுவே பத்து லட்சம் ஓம் மின்தடை இருக்கும், தவறி மின்சாரத்தைத் தொட்டுவிட்டாலும் ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக. மேசை மேல் தனி விரிப்பு, காலில் தனிச் செருப்பு, வேலை தொடங்குமுன் பட்டையைச் சோதித்துப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. அமெரிக்காவில் 1999இல் வந்த எஸ்-20.20 என்ற தரநிலையும், ஐ.இ.சி.யின் 61340-5-1 தரநிலையும் இந்த ஒழுங்கைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. முதல் கிளை என்று மேலே சொன்னோமே, அதன் இன்றைய வடிவம் இது. நம் வீட்டுப் பெண்கள் ஓசூரில் கட்டிக்கொள்ளும் பட்டையை நம் ஊர்த் தராசு பழுதுபார்ப்பவர் கட்டுவதில்லை. அது யானை விலையும் இல்லை.

தராசு பழுதுபார்ப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழுதுபார்த்த தராசை மறு முத்திரை இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டிலும் வணிகர்கள் கறாராக இருக்க வேண்டும். ஆனால் முத்திரை ஆய்வாளர் படிக்கல் வைத்து எடையைத்தான் பார்க்க முடியும், பொறிவிட்டுப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. ஆகவே மணிக்கட்டுப் பட்டையும் எர்த் விரிப்பும் வைத்திருப்பதை உரிமத்துக்கு நிபந்தனையாக்க வேண்டும். உரிமம் தருவது மாநில அரசு. தொழிலாளர் துறை மனம் வைத்தால் இதற்கு டெல்லிக்கும் பாரிசுக்கும் போகத் தேவையில்லை.

அதுவரை கடைக்காரர்கள் தாமே செய்துகொள்ளக்கூடிய சில உண்டு. புதுத் தராசு வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் உறையைத் தட்டின் மேலும் பொத்தான்களின் மேலும் அப்படியே விட்டுவைப்பது நம்மவர் வழக்கம். பளபளப்பு போகக் கூடாதாம்! அதைக் கழற்றி எறியுங்கள். உலர்ந்த நைலான் துணியால் தராசைத் துடைக்காமல், லேசாக ஈரமான பருத்தித் துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் சாக்குப் போரைத் தராசிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். முடிந்தவர்கள் தராசை இரும்பு மேசையில் வைத்து, தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு மேசையை எர்த் செய்து, முதலில் மேசையைத் தொட்டுவிட்டுப் பிறகு தட்டைத் தொடலாம். எர்த் இல்லாத கடையில் நியூட்ரலோடு இணைத்துவிடும் விபரீத யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிர்ச் சேதம் வரும். காலையில் தரையை ஈரத்துணியால் துடைப்பதும் நல்லது. அதற்காகப் பருப்பு மூட்டைக்கு அருகில் தண்ணீர் தெளித்துவிட்டு நம்மைக் குறை சொல்ல வேண்டாம்.

தராசு வாங்கும்போது ஐ.என்.டி. என்று தொடங்கும் மாதிரி ஒப்புதல் எண் தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று எண் இல்லாத தராசை வாங்கினால், அது பொறிச் சோதனையை மட்டுமல்ல, எந்தச் சோதனையையுமே கண்டிராத தராசு. எண் இருந்தால், நிலைமின் பொறிச் சோதனையில் எத்தனை வோல்ட் வரை தாங்கியது, பொறி விழுந்தபோது தராசு அணைந்ததா அல்லது சரியான எடையைக் காட்டியதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்காவது பதில் வரும்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இது குறித்து ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். நான்காம் நிலைச் சோதனை பற்றி மத்திய எடையளவு இயக்குநருக்கு ஒரு மனு, பழுதுபார்ப்போர் உரிம நிபந்தனை பற்றித் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு. வெயில் காலத்தில் தராசு தாவிய கடைக்காரர்கள், எந்த மாதத்தில், பகலில் எந்த நேரத்தில், எதைத் தொட்டபோது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தராசின் மாதிரி எண்ணையும் சேர்த்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டால், மனுவோடு இணைத்து அனுப்ப வசதியாக இருக்கும்.